சவரக் கத்தியைக் கீழே வைத்தவர்

(நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1930ஆம் ஆண்டு வேதாரண்யத்தில் ஒரு நாவிதர் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்தார். அவர் பெயர் வைரப்பன். அப்போது ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. ராஜாஜியின் தலைமையில் ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்ட சுமார் நூறு தொண்டர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். 30ஆம் தேதி உப்புச் சட்டத்தை மீறி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். ராஜாஜி கைதானார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலும் தங்க இடம் கொடுத்தாலும் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஆணை போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றைப் பொட்டலமாகக் கட்டி வழியோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று போலீசால் கண்டுபிடிக்க முடியவில்லை. போலீசாருக்கு எந்த உதவியும் செய்வதில்லை என்று ஊரில் ஒரு பிடிவாதம் பரவியது. அந்தப் பிடிவாதத்தில் வைரப்பனும் சேர்ந்தார். போலீஸ்காரருக்குச் சவரம் செய்வதில்லை என்று முடிவு செய்தார்.

அடுத்து நடந்ததை வேதாரண்யம் இன்றும் சொல்கிறது. சாதாரண உடையில் வந்து உட்கார்ந்த ஒருவருக்கு வைரப்பன் முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதியில், உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கை நின்றுவிட்டது. மிரட்டினார்கள், நீதிபதி முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மீதியை முடித்துவிட்டுப் போ என்று அங்கே சொல்லப்பட்டபோதும் அவர் மறுத்தார். சிறைக்குப் போனார். அவருக்கு இன்று வேதாரண்யத்தில் நினைவுத்தூண் இருக்கிறது.

இதை நாட்டுப்பற்றின் கதையாகவே நாம் சொல்லி வருகிறோம். அது சரிதான். ஆனால் இன்று நான் வைரப்பனை ஒரு தொழிலாளியாகப் பார்க்க விரும்புகிறேன். தாழ்வாக எண்ணப்பட்ட, அதே சமயம் ஊருக்கு இல்லாமல் முடியாத ஒரு வேலையைச் செய்தவர் அவர். அப்படிப்பட்ட வேலையில் ஒரு மனிதர் தம் வாழ்வின் பொருளைக் காண முடியுமா, முடியும் என்றால் அதற்கு என்ன வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் கேள்வி.

அந்தக் காலத்துக் காவிரிப் படுகைக் கிராமத்தில் நாவிதர் வீடு என்றால் என்ன என்பதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். தலைமுடி அந்த வீட்டு வேலைகளில் ஒன்று மட்டுமே. கட்டி உடைத்துச் சீழ் எடுப்பது, புண்ணுக்கு மருந்து வைப்பது அவர் பொறுப்பு. அந்த வீட்டுப் பெண்ணே ஊருக்கு மருத்துவச்சி. பிள்ளை தலை மாறிக் கிடந்தால் நள்ளிரவில் அவரைத்தான் அழைத்து வருவார்கள். சாவு விழுந்தால் சங்கு ஊதுவதும் சடங்குகளுக்கு முன்நிற்பதும் அந்த வீட்டார்தான். ஊரில் பிறக்கும் ஒவ்வொருவரையும் முதலில் தொட்டவர்களும் இறந்த ஒவ்வொருவருக்கும் கடைசிக் காரியம் செய்தவர்களும் அவர்கள். இத்தனைக்கும் ஊதியம், அறுவடைக் களத்தில் மிராசுதார் பார்த்து அளந்துவிடும் நெல். தெருவில் அவரை 'வாடா, போடா' என்று சிறுபிள்ளைகூடக் கூப்பிடலாம்.

இன்னொன்றும் உண்டு. ஊர்க் கட்டுப்பாட்டை மீறிய ஒரு குடும்பத்தை விலக்கி வைப்பதென்றால் ஊர்ப் பெரியவர்கள் செய்யும் முதல் காரியம், அந்த வீட்டுக்கு நாவிதரும் வண்ணாரும் போகக் கூடாது என்று உத்தரவிடுவது. வேலை நின்றால் ஒரு குடும்பம் எப்படித் தவிக்கும் என்பது ஊருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதாவது அந்த வேலையின் வலிமை எல்லோருக்கும் தெரியும். அந்த வலிமையை எடுத்து ஆளும் உரிமை மட்டும் வேலை செய்பவரிடம் இல்லை. யாருக்குச் செய்ய வேண்டும், யாருக்குச் செய்யக் கூடாது என்பதை மற்றவர்கள் முடிவு செய்தார்கள். 1930இல் வைரப்பன் அந்த முடிவைத் தாமே எடுத்தார். தலைமுறை தலைமுறையாகத் தம் வீட்டார் கையில் இருந்த கத்தி, அதை அவர் கீழே வைத்த அந்தக் கணத்தில்தான் முழுதாக அவருடையது ஆயிற்று என்று நான் நினைக்கிறேன். வேலையை மறுக்கக்கூடிய ஒருவர்தான் அதை விரும்பி ஏற்றார் என்று சொல்ல முடியும். மறுக்கவே வழியில்லாதவரிடம் போய், 'உன் வேலை எவ்வளவு உயர்ந்தது தெரியுமா' என்று சொல்வது வெறும் சமாதானம்.

இந்த மண்ணின் பழைய கதைகள் இரண்டை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் பெரியபுராணத்தில் வருபவை. சேக்கிழார் அடியார்களைப் பாடும்போது அவர்கள் செய்த தொழில்களையும் ஆசையோடு பாடியவர்.

முதல் கதை உங்கள் ஊர்க் கதை. நாகை நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார் பரதவர் தலைவர். வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கு என்று கடலில் விட்டுவிடுவது அவர் வழக்கம். ஒரு காலத்தில் மீன்பாடு குறைந்து, நாளுக்கு ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. அந்த ஒன்றையும் விட்டுவிட்டு வீட்டாரோடு பட்டினி கிடந்தார். பிறகு ஒருநாள் பொன்னும் மணியுமாக ஒரு மீன் வலையில் வந்தது. அதையும் விட்டார். ஆவணி மாதத்தில் காயாரோகண சுவாமி கோயில் விழாவில் நம் மீனவர்கள் இன்றும் கடலுக்குப் போய்ப் பொன்மீனை விடுகிறார்கள். அந்த விழாவில் எனக்குப் பிடித்தது, காணிக்கை வலையிலிருந்தே வருகிறது என்பதுதான். பூப்பறிக்கவோ பாட்டுக் கட்டவோ அதிபத்தர் போகவில்லை. தம் தொழிலுக்குள்ளேயே நின்று, தம் கையால் பிடித்ததைத் தம் விருப்பத்தால் விட்டார். வலையும் அவருடையது, முடிவும் அவருடையது.

இரண்டாவது கதை கொள்ளிடக் கரை ஆதனூர் நந்தனாருடையது. கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் அவர். உள்ளே நடக்கும் பூசைக்கு முழங்க வேண்டிய வாத்தியம் அவர் கை படாமல் முழங்காது. ஆனால் அவர் உள்ளே போகக் கூடாது. 2020 வரை நம் மாவட்டத்தில் இருந்து, இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் திருப்புன்கூரில், அவர் வெளியே நின்று பார்ப்பதற்காக நந்தி விலகியது என்பது வரலாறு. இல்லாமல் முடியாத வேலை, ஆனால் உள்ளே இடமில்லை என்ற நிலையை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வுக் கட்டுரையும் காட்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கதையை எடுத்துப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், இங்கே பக்கத்து நரிமணத்தில் பிறந்தவர். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தை அவர் புதிதாகக் கொண்டுவந்தார். நந்தனை வேலைவாங்கும் வேதியர்தான் அந்தப் பாத்திரம். நந்தன் கேட்பது ஒன்றே ஒன்று. சிதம்பரம் போய்வர உத்தரவு. வேதியர் 40 வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுப் போகச் சொல்கிறார். தஞ்சாவூர்ப் பண்ணையை நேரில் பார்த்த ஒருவருக்குத்தான் இந்தக் காட்சி தோன்றியிருக்கும். ஒருநாள்கூட விலகிப்போக உத்தரவு கேட்டு நிற்க வேண்டிய வாழ்க்கையைச் சேக்கிழாரைவிடப் பாரதியார் அருகிலிருந்து கண்டிருந்தார்.

அந்த வாழ்க்கை கதையோடு முடிந்துவிடவில்லை. பண்ணையாள் என்ற பெயரில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது நம் வயல்களில் இருந்தது. தண்டனையாகச் சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்தன. பொதுவுடைமை இயக்கத் தலைவர் பி. சீனிவாச ராவ் முதலானோர் சேரி சேரியாகப் போய் மக்களைச் சேர்த்தார்கள். 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகும் கூலிக்காகவும் சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமைக்காகவும் போராட வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக, ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். உலகத்துக்குச் சோறு போடும் தொழில் என்று வேளாண்மையைப் புகழும் பாட்டும் பேச்சும் அன்றும் ஏராளமாக இருந்தன. அந்தப் புகழ் களத்துமேட்டில் ஒரு படி நெல்லைக் கூடக் கூட்டித் தரவில்லை.

அதனால்தான் தாழ்ந்த வேலையைப் புனிதப்படுத்தும் பேச்சைக் கேட்டாலே எனக்கு எச்சரிக்கை உணர்வு வருகிறது. காந்தியடிகள் துப்புரவுத் தொழிலைத் தாயின் பணியோடு ஒப்பிட்டு உயர்த்தினார். தம் ஆசிரமத்தில் தாமே மலம் சுமந்தார்; அவருடைய நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அம்பேத்கர் எழுப்பிய கேள்வி இன்னும் நிற்கிறது. அந்த வேலையின் உயர்வைப் பிறப்பால் அதில் தள்ளப்பட்டவர்களிடம் மட்டும் போதித்தால் அது எப்படி அறமாகும்? சாதி வேலைகளைப் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று 1936இலேயே அவர் காட்டினார். ஒருவருடைய திறமையும் விருப்பமும் கேட்கப்படாமல் பிறக்கும்போதே வேலை ஒதுக்கப்படும் இடத்தில் மனம் எப்படி ஒன்றும் என்பதும் அவர் கேட்டதுதான். இன்றைய நிலையையும் பாருங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது. சாவு நின்றபாடில்லை. அந்தக் குழிக்குள் இறங்குவதில் யாரும் வாழ்வின் பொருளைத் தேடக் கூடாது. அந்த வேலையே இருக்கக் கூடாது. எல்லா வேலையும் உயர்ந்ததுதான் என்ற வாசகத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே. சில வேலைகளை ஒழிக்க வேண்டும். மற்றவற்றைத்தான் மதிப்போடு செய்ய வழி தேட வேண்டும்.

அப்படி மதிப்போடு செய்ய முடியுமா என்றால், முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2001இல் அமெரிக்காவில் ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு அறிஞர்கள், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே மருத்துவமனை, ஒரே வேலை. சிலர் தரை துடைப்பதையும் குப்பை எடுப்பதையும் வேலைப் பட்டியலாகச் சொன்னார்கள். வேறு சிலர், நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்றார்கள். எந்த அறையில் யார் தனியாகக் கிடக்கிறார் என்று பார்த்து இரண்டு வார்த்தை பேசினார்கள். செவிலியரின் வேலை தடைபடாதபடி தங்கள் வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டார்கள். யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்தவை அல்ல இவை. ஆனால் அவர்களுக்கு வேலையைச் சற்றே மாற்றிக்கொள்ளும் இடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். கைக்குள் அடங்கும் அளவு சிறிய முடிவாவது எடுக்க முடிந்தவர்களுக்குத்தான் அந்த ஈடுபாடு வந்தது.

இதற்கு மறுபக்கமும் ஆராயப்பட்டிருக்கிறது. வட அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றி ஸ்டூவர்ட் பண்டர்சன், ஜெஃப்ரி தாம்ப்சன் இருவரும் 2009இல் எழுதினார்கள். படித்தவர்கள், குறைந்த சம்பளத்தில் சாணம் அள்ளிக் கூண்டு கழுவுகிறார்கள், இதற்காகவே பிறந்தோம் என்ற உணர்வு அவர்களிடம் வலுவாக இருந்தது. அந்த உணர்வு இருந்ததாலேயே குறைந்த கூலியையும் கடும் நேரத்தையும் பொறுத்துக்கொண்டார்கள். நிர்வாகம் தங்களைச் சுரண்டிவிடுமோ என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. வேலையை நேசிப்பவரைத்தான் எளிதில் ஏமாற்றலாம் என்பது நம் ஊரில் எல்லா முதலாளிக்கும் தெரிந்த விஷயம். அங்கன்வாடி ஊழியரிடமும் கிராமச் செவிலியரிடமும் ஆசிரியரிடமும் 'இது சேவை அல்லவா' என்ற சொல் எப்போது வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் சம்பளம் கேட்கும்போதுதான் வருகிறது.

இனி நம் மாவட்டத்துக்கே வருகிறேன். இங்கே என் கண்ணுக்கு மிகவும் படுகிற இரண்டு வேலைகளைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும்.

ஒன்று, கடைமடையில் ஷட்டர் பார்க்கும் லஸ்கர். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும்போது தலைவர்கள் பூத் தூவுகிறார்கள். படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வருகிறது. அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி வெட்டாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு என்று பிரிந்து, நாட்கள் பல கழித்து இங்கே வந்து முடிகிறது. முடியும் இடத்தில் பூத் தூவ யாரும் இல்லை. கடலுக்கு முன்னால் உள்ள ரெகுலேட்டரில் ஒரு லஸ்கர் இருப்பார். நீர்வளத் துறையின் கடைசிப் படியில் உள்ள வேலை அது. ஆனால் அவர் செய்வதை நினைத்துப் பாருங்கள். ஆற்றின் கடைசி ஷட்டர் இரண்டு பக்கமும் காவல் காக்க வேண்டிய கதவு. ஆற்றில் தண்ணீர் குறைந்த காலத்தில் கடல் உள்ளே ஏறாமல் மூடியிருக்க வேண்டும். உப்புநீர் ஏறிவிட்டால் பயிர் கருகும், அந்த மண் தேற நாளாகும். வடகிழக்குப் பருவமழையில் மேலே பெய்ததெல்லாம் இங்கே வந்து நிற்கும். சம்பா நாற்று நீருக்குள் மூழ்கி அழுகுமுன் வடித்தாக வேண்டும். அதற்காகச் சும்மா திறந்துவிடவும் முடியாது. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் திறந்தால் ஆற்று நீர் வெளியே போகாது. கடல்நீர் உள்ளே வரும். கடல் இறங்கும் நேரம் பார்த்துத் திறந்து, அது மறுபடி ஏறுமுன் இறக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமி என்றால் ஓதம் கூடுதல். காற்று கடலிலிருந்து அடித்தால் கணக்கு மாறும். இரவில், மழையில், வழுக்கும் மேடையில் நின்று திருகைச் சுற்றுபவருக்கு நிலாவும் காற்றும் நீரின் நிறமும் தெரிந்திருக்க வேண்டும். மேலிருந்து வரும் உத்தரவு மணிக்கணக்கில் தாமதமாகலாம், ஓதம் காத்திருக்காது. அங்கே எடுக்கும் சிறு முடிவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் தங்கியிருக்கிறது. இந்த அறிவை நாம் எந்தப் பாடத்திட்டத்திலும் சேர்க்கவில்லை. ஒரு லஸ்கர் ஓய்வு பெறும்போது, அவர் அறிந்ததை யாரும் கேட்டு எழுதிக்கொள்வதில்லை. காலியான இடங்களும் பல நாள் காலியாகவே கிடக்கின்றன.

மற்றொன்று நடவு. நாற்றுப் பறித்து, வேர்மண் அலசி, முடிகட்டி, சேற்றில் இரண்டு மூன்று நாற்றாக, ஆழம் போகாமல், இடைவெளி தவறாமல் நடுவது சாதாரண வேலை என்று கரையில் நிற்பவர்தான் சொல்வார். ஆழமாக நட்டால் தூர் கட்டாது. மேலாக நட்டால் மிதந்துவிடும். நடவு வரிசையில் யார் கை எது என்று வயலைப் பார்த்தே சொல்லிவிடும் பெண்கள் இருக்கிறார்கள். கை பழகிவிட்டது என்று அவர்கள் சொல்வதில் ஒரு பெருமிதம் உண்டு. அதை நான் மதிக்கிறேன். அதே பெண்கள், என் மகள் இந்தச் சேற்றில் இறங்க வேண்டாம் என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே வாயிலிருந்து கேட்கும்போது நாம் முரண்பாடு என்று எண்ணிவிடக் கூடாது. தாம் செய்வதன் அருமை தெரிந்தவர்தான், அதற்குக் கிடைக்கும் விலை போதாது என்பதையும் சரியாக அளக்கிறார்.

2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதலில் சேர்க்கப்பட்ட ஆறு மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. அப்போது நில உடைமையாளர்கள் பலர், ஆள் கிடைக்கவில்லை, ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள் என்று குறைபட்டார்கள். இன்றும் குறைபடுகிறார்கள். ஏரி தூர்வாரும் வேலையின் தரம் பற்றிக் கேள்விகள் இருக்கலாம். அது வேறு விவாதம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த மண்ணில் ஒரு கூலிப் பெண், 'இந்தக் கூலிக்கு நான் வரவில்லை' என்று சொல்ல முடிந்தது. நந்தன் உத்தரவு கேட்டு நின்ற வயல்காட்டில் அது சின்ன விஷயமா? வேறு போக்கிடம் உண்டான பிறகு, நடவுக்கு வந்த பெண் வரப்பில் ஏறி நின்று கூலி பேசினார். அவர் வயலில் இறங்கியது, முதன்முதலாக, அவராக இறங்கியது.

உப்பளத்தையும் ஒரு வார்த்தையில் தொட்டுவிட்டுப் போகிறேன். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து உப்பு விளையும் இடம் வேதாரண்யம். 1930 ஏப்ரலில் அள்ளிய ஒரு கைப்பிடி உப்பு சரித்திரம் ஆனது. அது தகுதியான சரித்திரம்தான். அதே அகஸ்தியம்பள்ளியில் இன்றும் வெயிலில் கண் கூசக் கூச, உப்புநீர் காலை அரிக்க அரிக்க, பாத்தியில் உப்பு வாருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் நினைவு யாத்திரை வருகிறவர்கள் ஸ்தூபிக்கு மாலை போட்டுவிட்டு அந்தப் பாத்திகளுக்கும் நடந்து போக வேண்டும் என்பது என் ஆசை.

2025 ஆகஸ்டு மாதம் சென்னையில் நடந்ததும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் ஒப்படைத்ததை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். உயர் நீதிமன்ற ஆணைக்குப் பின் ஆகஸ்டு 13 நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அவர்கள் கேட்டது பணி நிரந்தரம். அப்போது ஒரு வாதம் எழுந்தது. குப்பை அள்ளும் வேலையை நிரந்தரமாக்கச் சொல்வது அதே சமூகத்தாரை அதே வேலையில் நிரந்தரமாகக் கட்டிப்போடுவதாகாதா என்று சமூகநீதியில் அக்கறை உள்ளவர்களே கேட்டார்கள். நியாயமான கவலை, எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் நான் அந்தப் பெண்களின் பக்கம் நிற்கிறேன். நிரந்தர வேலையில் இருக்கும் தாய்க்குத்தான் மகளைக் கல்லூரியில் சேர்க்க முடிகிறது. நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவர் அடுத்த தலைமுறையையும் அதே வண்டியின் பின்னால் அனுப்ப நேரிடுகிறது. கொரோனா காலத்தில் இவர்களுக்கு மாலை போட்டுப் பாதபூஜை செய்தோம். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினோம். அவர்கள் கேட்டது பூஜையும் அல்ல, பெயரும் அல்ல என்பது ரிப்பன் மாளிகை வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லப்பட்டது.

கடைசியாக நான் பேச வேண்டியது இந்த ஊர் மறக்க முடியாத ஒன்று. வெண்மணி நினைவு நாளுக்கு மறுநாள், டிசம்பர் 26. 2004இல் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடல் சுனாமியாக வந்து, இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அக்கரைப்பேட்டையையும் கீச்சாங்குப்பத்தையும் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த அரங்கில் இருப்பவர்களில் எத்தனை வீட்டில் அன்றைக்கு ஆள் குறைந்தது என்பதும் எனக்குத் தெரியும். உயிரோடு எஞ்சியவர்களால் உடல்களை எடுக்க முடியவில்லை. படகுகளுக்கு அடியிலும் இடிந்த சுவர்களுக்குக் கீழும் முள்காட்டிலும் கிடந்தவர்களை எடுக்க நாட்கள் ஆயின. பல அமைப்புகளின் தன்னார்வலர்கள், சாதி மதம் பாராமல் ஓடிவந்து அந்தப் பணியில் இறங்கினார்கள். அவர்களை ஊர் இன்றும் வணங்குகிறது, வணங்க வேண்டியதுதான்.

அவர்களோடு இன்னொரு கூட்டமும் வந்தது. மற்ற மாவட்டங்களின் நகராட்சிகளிலிருந்தும் மாநகராட்சிகளிலிருந்தும் லாரிகளில் ஏற்றி அனுப்பப்பட்ட துப்புரவுப் பணியாளர்கள் அவர்கள். தன்னார்வலர் தாமாக வந்தவர். இவர்கள் உத்தரவின் பேரில் வந்தவர்கள். அந்த உத்தரவு யாருக்குப் போனது என்பதைச் சாதி தெரிந்த எவரும் ஊகிக்கலாம். பலருக்குக் கையுறையும் முகக்கவசமும் போதிய அளவு இல்லாமல் வேலை நடந்ததாக அப்போதே செய்திகள் வந்தன. அழுகத் தொடங்கிய உடல்களைத் தூக்கினார்கள், குழி வெட்டினார்கள், அடுக்கினார்கள், பிளீச்சிங் பவுடர் தூவினார்கள், மறுபடி தூக்கினார்கள். தொற்றுநோய் இந்த ஊரில் பரவாமல் நின்றதற்கு மருத்துவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நன்றி சொன்னோம். இவர்களுக்குச் சொன்னோமா? அவர்கள் வேலை முடிந்து லாரியில் ஏறித் தங்கள் ஊருக்குப் போனார்கள். மறுநாள் காலை அங்கே குப்பை காத்திருந்தது.

அந்த நாட்களில் அவர்கள் மனம் எப்படி இருந்தது என்பதை நான் ஊகித்து அழகாகச் சொல்லிவிடக் கூடாது. புனிதப் பணி செய்தார்கள் என்று நானும் ஒரு மாலையைப் போட்டால், இதுவரை பேசியதற்கு மாறாக நடந்தவன் ஆவேன். சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அன்று முப்பது வயதில் இருந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அந்த வேலையில் ஐம்பது, அறுபது என்பது பெரிய வயது.

எனவே இந்தக் கல்லூரியின் வரலாறு, தமிழ், சமூகப்பணித் துறைகளின் மாணவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அறக்கட்டளைக் குழுவினரிடமும் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இதற்குச் சிறிது பணம் வேண்டும், பேருந்துக் கட்டணமும் ஒலிப்பதிவுக் கருவியும் வேண்டும். 2004 டிசம்பர் கடைசி வாரத்தில் எந்தெந்த ஊர் நகராட்சியிலிருந்து ஆட்கள் இங்கே அனுப்பப்பட்டார்கள் என்று அந்தந்த அலுவலகப் பதிவேட்டில் தேடுங்கள். பெயர்களை எழுதுங்கள். அவர்கள் வீட்டுக்குப் போங்கள். எங்கே இறக்கிவிட்டார்கள், இரவு எங்கே படுத்தார்கள், யார் சோறு கொடுத்தார்கள், கையில் என்ன மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். யாரும் சொல்லாமல் அவர்களாகச் செய்தது ஏதாவது உண்டா என்று கேளுங்கள்: ஒரு குழந்தையைத் தனியாக வைத்தார்களா, முகத்தை மூடினார்களா, ஒரு தாலியையோ வளையலையோ எடுத்து யாரிடமாவது ஒப்படைத்தார்களா. ஊருக்குத் திரும்பிய பிறகு வீட்டில் என்ன சொன்னார்கள், எத்தனை நாள் சாப்பிட முடியவில்லை என்று கேளுங்கள். லாரியில் ஏற மாட்டேன் என்று அன்று யாராவது மறுத்தார்களா, மறுத்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கட்டாயம் கேட்டு எழுதுங்கள்.